மேலிருந்து வைத்த பெயர்கள்

மாலத்தீவில் கடலுக்குள் இறங்கிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் காட்டப்படும் வரைபடங்களில் இடங்களின் பெயர்கள் பெரும்பாலும் மூன்று சொற்களில் ஒன்றில் முடிகின்றன: திலா, கிரி, கண்டு. மூன்றும் திவேஹி மொழிச் சொற்கள். திலா என்பது நீர்மட்டத்துக்குச் சில பாகம் கீழேயே நின்றுவிடுகிற பவளக் குன்று. கிரி ஏறக்குறைய நீர்மட்டத்தைத் தொட்டுவிடுவது. கண்டு, இரண்டு திட்டுகளுக்கு நடுவே வெளிக்கடல் உள்ளே புகுந்து வெளியேறுகிற ஆழமான வாய்க்கால். (தமிழில் இந்தச் சொல்லுக்கு 'பார்த்து' என்று அர்த்தம் வருவது தற்செயல்தான். ஆனால் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் இந்தத் தற்செயல் என்னை விடவில்லை.)

இவை படகோட்டிகள் வைத்த பெயர்கள். அடிப்பலகை எங்கே உடையும், எங்கே உடையாது, எங்கே நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கான அடையாளங்கள். தண்ணீரின் நிறத்தை மேலிருந்து பார்த்து, கீழே இருப்பதை ஊகித்து வைத்த பெயர்கள். இன்று அதே பெயர்கள் விலைப்பட்டியல் மாதிரி விடுதிச் சுவர்களில் தொங்குகின்றன. விலகிப் போவதற்காக வைத்த பெயர்கள் தேடிப் போவதற்கான பெயர்களாக எப்போது மாறின என்பதுதான் என் கேள்வி. நான் நீச்சல் தெரியாதவன். படித்ததையும் பார்த்த படங்களையும் வைத்துத்தான் பேசுகிறேன். அப்படிப்பட்டவன் இதைப் பற்றிப் பேசலாமா என்றால், கடலைப் பற்றித் தமிழில் எழுதிய பெரும்பாலோரின் தகுதியும் இதற்கு மேல் இல்லை.

திவேஹியிடமிருந்து உலகம் எடுத்துக்கொண்ட சொல் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அதொளு. ஆங்கிலத்தில் அது அட்டால் ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி ராபர்ட் மோர்ஸ்பி 1834-லிருந்து 1836 வரை மாலத்தீவுகளை அளந்து படம் வரைந்தார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு டார்வின் 1842-ல் பவளத் திட்டுகளைப் பற்றிய தன் புத்தகத்தை எழுதினார். டார்வின் மாலத்தீவுக்குப் போனதே இல்லை. 1836-ல் கோகோஸ் கீலிங் தீவில் அவர் கண்ட ஒரு வளையத்தை மோர்ஸ்பியின் படங்களோடு சேர்த்துப் படித்துத்தான், எரிமலை மெள்ள அமிழ அமிழ அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்கிறது என்ற கருத்தை நிறுவினார். கோகோஸில் கடலடியை அவர்கள் 'பார்த்த' விதம் இது: ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவது, மேலே இழுத்தபின் கொழுப்பில் பதிந்திருக்கும் தடத்தைப் படிப்பது. உயிருள்ள பவளத்தின் அச்சு விழுந்திருந்தால் ஒன்று, மணல் ஒட்டியிருந்தால் வேறு. பார்வையற்றவர் விரலால் படிப்பதைப் போன்ற படிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகத் துணிச்சலான நிலவியல் கற்பனை, கண்ணால் காணாத ஒன்றின் மேல் கட்டப்பட்டது.

ஆனால் அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே கீழே ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1602-ல் கோர்பின் என்ற பிரெஞ்சுக் கப்பல் மாலத்தீவுத் திட்டொன்றில் மோதி உடைந்தது. அதிலிருந்து பிழைத்த பிரான்சுவா பிரார் 1607 வரை அங்கே சிறைப்பட்டிருந்தார், திவேஹி கற்றுக்கொண்டார், ஊர் திரும்பி எழுதினார். அவர் எழுதியதில் என்னை மிகவும் நிறுத்தியது ஒரு தொழில்நுட்பம். கடலடியில் கிடக்கும் பெருங்கல்லையோ நங்கூரத்தையோ பீரங்கியையோ மேலே கொண்டுவர வேண்டுமென்றால், ஒருவன் மூச்சடக்கி இறங்கி அதில் வடத்தைக் கட்டுகிறான். பிறகு தக்கை போல இலேசான ஒரு மரத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாக வடத்தில் கோத்துக் கீழே தள்ளுகிறார்கள். போதிய துண்டுகள் சேர்ந்ததும் பாரம் தானே எழும்பி மிதக்கிறது. இன்றைக்கு ஆழத்திலிருந்து பாரம் தூக்க ரப்பர்ப் பைகளில் காற்றை நிரப்புகிறார்களே, தத்துவம் அதேதான். கயிறு, மரம், மனித மூச்சு இவை மூன்றையும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

மாலே நகரின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் 1658-ல் கட்டி முடிந்தது. அதன் சுவர்கள் பவளக் கல். மரம் செதுக்குவதைப் போல அதைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல் எல்லாம் திட்டிலிருந்து வந்தது. யாரோ தண்ணீருக்குள் நின்றோ மூழ்கியோ பெயர்த்தது. சோழியும் அப்படித்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில், கடல் வற்றும்போது, பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பொறுக்கினார்கள் என்று பிரார் எழுதுகிறார். பொறுக்கியதை மணலில் புதைத்து, சதை அழுகி உதிர்ந்தபின் கழுவி எண்ணிக் கட்டினார்கள். பிராருக்கு முன்னால், 1343-ல் அங்கே வந்து காஜியாக இருந்த இபின் பதூதா சோழியின் மாற்று விகிதத்தையும் குறித்திருக்கிறார்: ஒரு பொன் தீனாருக்கு 4 லட்சம் சோழி, விலை விழுந்தால் இன்னும் எவ்வளவோ அதிகம். கவுண்டரில் நோட்டு எண்ணிக் கை மரத்துப்போனவனுக்கு இந்த எண் ஒரு தனி நடுக்கத்தைத் தருகிறது. இந்தச் சோழி வங்காளத்துக்குப் போய்ச் சில்லறைக் காசாயிற்று. அங்கிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் மனிதர்களை வாங்கிற்று. நம் வீட்டில் தாயம் ஆடவும் பல்லாங்குழி ஆடவும் மிஞ்சிய சோழி அந்த வியாபாரத்தின் உதிரி.

பதூதாவின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தீவுகளில் மனஸ்தாபம் முற்றி வெளியேறிய அவர் மதுரையை ஆண்ட சுல்தானிடம் வந்து, படையனுப்பித் தீவுகளைப் பிடிக்கத் திட்டம் போட்டார். அது நடக்கவில்லை. அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி பன்னீராயிரம் தீவுகளை வென்றதாகச் சொல்லிக்கொண்டது. உள்ள தீவுகளோ ஏறக்குறைய 1,200. மெய்க்கீர்த்திப் புலவர் ஒரு பூஜ்யத்தைத் தாராளமாகச் சேர்த்துவிட்டார். எனக்குப் படுவது என்னவென்றால், இந்தப் பன்னீராயிரமும் கரையிலிருந்து பார்த்த எண்தான்.

ஆக, கீழே போனவர்கள் இருந்தார்கள். கல்லுக்காக, சோழிக்காக, நங்கூரத்துக்காகப் போனார்கள். பார்ப்பதற்காக மட்டும் கீழே போவது என்ற காரியம்தான் இல்லை. அதற்கு 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கருவியின் பிறப்பு யுத்தத்தோடு சம்பந்தப்பட்டது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் பெட்ரோல் கிடையாது. கார்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வு தேவைப்பட்டது. ஏர் லிக்கீட் கம்பெனியில் எமில் காஞான் என்ற பொறியாளர் அதைச் செய்திருந்தார். கப்பற்படை அதிகாரி கூஸ்தோ அவரைச் சந்தித்தார். அதே வால்வு, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தரும்படி மாற்றப்பட்டது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பு, 30 மீட்டரில் நாலு மடங்கு. காற்று அதற்கு ஈடாக வரவில்லையென்றால் நெஞ்சு விரியாது. முதலில் மார்ன் ஆற்றில், பிறகு 1943 ஜூனில் பாந்தோல் அருகே கடலில் சோதித்தார்கள். கயிறு இல்லை, மேலிருந்து குழாய் இல்லை. முதுகில் சிலிண்டர். மனிதன் மேலே உள்ளவர்களின் பிடியிலிருந்து அறுபட்டான்.

இந்த அறுபடுதல் முக்கியம் என்று நினைக்கிறேன். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவனின் இடுப்பிலோ கையிலோ ஒரு கயிறு இருந்தது. அதன் மறுமுனை தோணியில் இன்னொருவன் கையில் இருந்தது. காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் சிப்பிகளை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இழுத்தார்கள். சுறா வராமல் மந்திரத்தால் கட்டுகிற 'கடல்கட்டி' கரையில் இருந்தான். இலங்கையின் ஆங்கில அரசு அவனுக்குச் சம்பளமே கொடுத்தது, ஏனென்றால் அவனில்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். கீழே போனவன் எப்போதும் ஒரு கூட்டத்தின் நுனி. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது. அத்தனை நூற்றாண்டுகளில் இறங்கிய அத்தனை பேரில் ஒருவராவது அங்கே கண்டதைச் சொல்லி, அதை யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா? நெய்தல் திணையின் கடல் பெரும்பாலும் மணல்மேட்டில் நிற்பவளின் கடல். குளிப்பவன் அங்கங்கே தலைகாட்டுகிறான்; கீழே அவன் கண்ணுக்குப் பட்டது வருவதில்லை. முத்து உவமையாகி மேலே வந்துவிட்டது, மூச்சு கீழேயே தங்கிவிட்டது. இது வெறும் குறையல்ல, நம் கவிதை மரபின் ஒரு அடிப்படைத் தேர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றி நம் விமர்சகர்கள் பேசியதாகத் தெரியவில்லை.

கூஸ்தோ பேசினார், நிறையவே பேசினார். 1953-ல் புத்தகம், 1956-ல் லூயி மாலுடன் சேர்ந்து எடுத்த படம். இரண்டுக்கும் ஒரே தலைப்பு, 'மௌன உலகம்'. படத்துக்குக் கான் விழாவின் தங்கப் பனைக் கிளை கிடைத்தது. தலைப்பிலேயே ஒரு பொய் இருக்கிறது. பவளத் திட்டு மௌனமானதல்ல. சொடுக்கு இறால்கள் ஓயாமல் வெடிக்கின்றன. கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் கேட்கும். மூச்சடக்கி இறங்கியவனுக்கு இவை கேட்டிருக்கும். சிலிண்டர்காரனுக்கு முதலில் கேட்பது தன் மூச்சும் தன் குமிழியும்தான். மௌனம் உலகத்துடையதல்ல, கேட்பவனுடையது. அந்தப் படத்தில் மீன்களைக் கணக்கெடுக்கிறோம் என்று டைனமைட் வைத்துத் திட்டைத் தகர்க்கும் காட்சி இருக்கிறது. கப்பலின் விசிறியில் அடிபட்ட திமிங்கலக் குட்டியை உண்ண வந்த சுறாக்களை மாலுமிகள் வெறிகொண்டு வெட்டும் காட்சியும் இருக்கிறது. கூஸ்தோ பின்னாளில் கடலைக் காக்கக் குரல் கொடுத்தவர் என்பதை மறக்கவில்லை. ஆனால் மௌனம் என்று பெயர் வைத்த இடத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற மனோபாவம் ஆரம்பத்திலேயே உள்ளே வந்துவிட்டது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர், ஒளியிலிருந்து சிவப்பை முதலில் விழுங்குகிறது. 10 மீட்டருக்குள் அது ஏறக்குறையப் போய்விடும். இன்னும் ஆழத்தில் ரத்தம் பச்சையாகத் தெரியும். விடுதி விளம்பரங்களில் நாம் பார்க்கிற செம்பவளமும் ஆரஞ்சு மீனும் மின்விளக்கு அடித்த அந்தக் கணத்தில் பிறந்தவை. விளக்கு இல்லாமல் இறங்கியவன் கண்டது நீலமும் சாம்பலும். ஆக, 'இதுவரை யாரும் காணாத அழகு' என்பது ஒரு விதத்தில் உண்மைதான்: விளக்கு கொண்டுபோகிறவரை அது அங்கே இல்லை.

மாலத்தீவுக்குக் கருவியோடு முதலில் வந்தவர்களில் முக்கியமானவர் வியன்னாக்காரர் ஹான்ஸ் ஹாஸ். 1957–58-ல் ஷாரிஃபா என்ற மூன்று பாய்மரக் கப்பலில் வந்தார். தையல் மெஷின் சிங்கர் குடும்பத்துக்காக 1927-ல் இங்கிலாந்தில் கட்டிய உல்லாசக் கப்பல் அது. பணக்காரனின் பொம்மை ஆராய்ச்சிக்கூடமாக மாறியிருந்தது. உடன் வந்தவர் லோரன்சின் மாணவர் ஐபில்-ஐபெஸ்ஃபெல்ட். பெரிய மீன்களின் வாய்க்குள்ளேயே நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீனையும், அதைப் போலவே வேஷம் போட்டு வந்து சதையைக் கடித்துக்கொண்டு ஓடும் போலி மீனையும் அவர் பக்கத்திலிருந்து கவனித்து எழுதினார். அந்தப் பயணத்தில் கண்ட ஒரு விலாங்குக்கு 1959-ல் ஹாஸின் பெயர் வைத்தார்கள். மணலில் வால் புதைத்து, நூற்றுக்கணக்கில் புல் போல நின்று நீரோட்டத்தில் அசையும் மீன் அது. ஆள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக மணலுக்குள் இறங்கிவிடும். கிட்டப் போய்ச் சேரும்போது வெறும் மணல்தான் இருக்கும்.

அதே ஆண்டுகளில், தெற்கே அத்து வளையத்தில் உள்ள கான் தீவில் பிரிட்டிஷ் விமானப்படை தளம் கட்டிக்கொண்டிருந்தது. அதற்காக அந்தத் தீவு மக்களைப் பக்கத்துத் தீவுக்குப் பெயர்த்தார்கள். பக்கத்துத் தீவுக்காரர்கள் அதற்கடுத்த தீவுக்கு நகர்ந்தார்கள். ஆளற்ற தீவு என்பது எப்போதும் இயற்கையாகக் கிடைப்பதில்லை.

இந்த 'ஆளற்ற தீவு'தான் 1972-ன் கண்டுபிடிப்பு. 1960களில் ஐ.நா. சார்பில் வந்த குழு, இங்கே சுற்றுலாவுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. மாசிக் கருவாடுதான் நாட்டின் வருமானம். முக்கியமாக வாங்கியது இலங்கை. அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை அந்த இறக்குமதியைச் சுருக்கியது. (யாழ்ப்பாணத்துச் சமையலிலும் தூத்துக்குடிச் சமையலிலும் மாசி தெரியாதவர் இல்லை, ஆனால் அது எந்தக் கடலிலிருந்து வருகிறதென்று கேட்டால் பலர் விழிப்பார்கள்.) அந்தச் சமயத்தில் ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண ஏற்பாட்டாளர், தொடப்படாத கடற்கரை தேடிக் கொழும்பு வழியாக வந்து சேர்ந்தார். 1602-ல் உடைந்த கப்பலின் பெயரும் கோர்பின். வரலாறு சில சமயம் மோசமான நாவலாசிரியனைப் போல நடந்துகொள்கிறது. 1972 பிப்ரவரியில் அவர் இருபத்துச் சொச்சம் இத்தாலியர்களைக் கூட்டிவந்தார். அந்த அக்டோபரில், தென்னந்தோப்பாக இருந்த விஹமனாஃபுஷி தீவில் 30 அறைகளோடு முதல் விடுதி திறந்தது. பவளக் கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. பெயர் குரும்பா. அதற்கு இளநீர்க் காய் என்று பொருள், நம் குரும்பையேதான்.

விதி எளிமையானது. குடியில்லாத தீவில் விடுதி. குடியுள்ள தீவில் விடுதி கூடாது. ஒரு தீவு, ஒரு விடுதி. மதுவும் நீச்சலுடையும் அங்கே. மசூதியும் பள்ளிக்கூடமும் இங்கே. பெண்கள் இடுப்புக்கு மேல் மறைக்க வேண்டுமென்று தான் உத்தரவிட்டும் நடக்கவில்லை என்று காஜி பதூதா அலுத்துக்கொண்ட ஊர் இது. 600 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிரச்சினையைத் தலைகீழாக்கிக் கடலையே தடுப்புச் சுவராக வைத்துத் தீர்த்தார்கள். 2009-க்குப் பிறகுதான் குடியுள்ள தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி வந்தது; அங்கேயும் வெளிநாட்டவருக்கென்று தட்டி வைத்து மறைத்த தனிக் கடற்கரை. இந்தக் கொள்கையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் வேறு பல கடற்கரைகளுக்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது, தன் ஊரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒரு சிறிய நாடு செய்த தந்திரமாகவும் இதைப் பார்க்கலாம். விலை என்னவென்றால், வருகிறவன் காண்பது மனிதரில்லாத மாலத்தீவு. பரிமாறுகிற கையைத் தவிர.

நீருக்கடியிலும் அதே ஏற்பாடுதான். 1993-ல் வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டது: சாம்பல் திட்டுச் சுறா ஒன்று உயிரோடிருந்து பார்வையாளர்களுக்குக் காட்சி தந்தால் வருஷத்துக்கு 3,300 டாலர், செத்து மீனவர் கைக்கு வந்தால் ஒரே தடவை 32 டாலர். 2010-ல் சுறாப் பிடிப்பு நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் சுறா இப்போது வட்டி தரும் வைப்புநிதி. மன்னாரில் அதன் வாயைக் கட்டச் சம்பளம் கொடுத்தார்கள், இங்கே அது வாய் திறந்து வருவதற்குக் கட்டணம். 1998-ல் கடல் சூடேறி ஆழமற்ற பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது; 2016-ல் மறுபடியும். வெளுத்த பவளத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் அது அழகாக இருப்பதாக நினைத்துவிடுவதுண்டாம்.

2009 அக்டோபர் 17-ல் அதிபர் முகமது நஷீதும் அமைச்சர்களும் கிரிஃபுஷி தீவருகே சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலடியில் மேஜை போட்டு மந்திரிசபைக் கூட்டம் நடத்தினார்கள். கைஜாடையில் பேசி, நீர் புகாத எழுத்தில் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: கரியமில வாயுவைக் குறையுங்கள் என்று. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. நாடகம்தான். ஆனால் 1943-லிருந்து வந்த அத்தனை நீரடிப் படங்களிலும், அந்தக் கடலுக்குச் சொந்தக்காரர்கள் முகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உலகத்தைத் திரும்பிப் பார்த்த படமாக உலகம் நினைவில் வைத்திருப்பது அது ஒன்றுதான். மௌன உலகத்தில், பேச முடியாத நிலையில்.

இதற்கிடையில் திலாக்களுக்குப் போகும் தோணியை ஓட்டுகிறவர் அநேகமாகத் தீவுக்காரர்தான். பாய் போய் எஞ்சின் வந்துவிட்டது. தோணி என்ற சொல் நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக அப்படியே நிற்கிறது. அடிப்பலகை தட்டாமலிருக்க அவருடைய முன்னோர் பழகிய அதே கண்ணால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, நீரோட்டம் எந்தப் பக்கமென்று கணித்து, திலாவுக்குச் சற்று மேலோட்டத்தில் வந்தவர்களை இறக்கிவிடுகிறார். அவர்கள் கீழே நகர நகர, குமிழிகள் உடையும் இடத்தைப் பார்த்துக்கொண்டு தோணியை மெள்ளப் பின்னாலேயே கொண்டுபோகிறார்.